பின்னால் வருகிறவருக்கு

இடது கை தானாகக் கீழே இறங்கியது. ஆள்காட்டி விரல் தார் பெயர்ந்த பள்ளத்தைக் காட்டியது.

பின்னால் யாரும் இல்லை.

லடாக்கின் இந்தச் சமவெளியில் மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று கிளம்பிவிடும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கிளம்பிவிட்டது. இந்த உயரத்தில் மூச்சுக்கே பஞ்சம். அதில் காற்று வேறு நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. சாலை ஒரே கோடாகப் போனது. இருபுறமும் காய்ந்த புல், அதற்கப்பால் மொட்டை மலைகள். நடுவே சைக்கிளோடு அவள் ஒருத்தி.

இன்னொரு பள்ளம். மறுபடியும் கை இறங்கியது.

பழக்கம் அப்படி. கோவையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் பாலபாடம். முன்னால் போகிறவர் காற்றைத் தானே வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறவருக்கு மறைவாக இருப்பார். பள்ளம் வந்தால் கை காட்டுவார். ஒட்டிக்கொண்டு பின்னால் வருகிறவருக்கு முன்னே ஓடும் சக்கரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்தக் கையை நம்பித்தான் வர வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கையை நம்பி வந்தவர், அவள் கணவர் பூபதி.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே டீக்கடையில் நண்பர்கள் நடுவே அவர் சொன்னார்:

"இவளா? லடாக்கா? மருதமலை ஏத்தத்துக்கே நாக்குத் தள்ளீரும் இவளுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும்போது அவள்தான் முன்னால். பள்ளம் தூரத்திலேயே கண்ணில் பட்டது. தான் மட்டும் லேசாக ஒதுங்கினாள்.

கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது.

ஒரு குலுங்கு குலுங்கட்டும். அவ்வளவுதான் நினைத்தாள். சத்தியமாக அவ்வளவுதான்.

அந்தப் பள்ளத்தில் விழுந்தவரின் முழங்கால் அதன்பிறகு முழுசாக மடங்கவில்லை.

"நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்" என்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த எல்லோரிடமும் சொன்னார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

லடாக்குக்குப் போயே ஆக வேண்டும் என்று அவளைப் பிடிவாதமாக அனுப்பிவைத்ததும் அவர்தான். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சைக்கிளைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் பழைய துணி சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினாள்.

சமவெளி முடிகிற இடத்தில் ஒரு கூடாரக் கடை வந்தது. வைஃபை இருந்தது. இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபம் என்ற கோழைத்தனம்தான், வேறென்ன.

கடைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சமவெளியத் தாண்டிட்டேனுங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு கேட்டார்:

"ரோடு எப்படி?"

"பள்ளமுங்க. வழி நெடுக."



"எல்லாத்துக்கும் கை காட்டினயா?"

குரலில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்தவர்களிடமெல்லாம் பேசிய அதே குரல்.

அப்போதே தெரிந்திருக்கிறது அவருக்கு.

"காட்டினேனுங்க," என்றாள். "ஒண்ணு விடாம."

"செரி," என்றார். "காத்து பலமா அடிக்குதாட்ட இருக்குது. மறைவா நில்லு கண்ணு."

கூடாரம் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. அவள் போகவில்லை.

எதிர்க்காற்றைப் பார்த்தபடியே நின்றாள்.