கம்ப்யூட்டர் எடுக்கும் சீட்டு

பதினெட்டுப் பக்கச் சம்மதப் படிவத்தை அவர் முன்னால் வைத்தாள் ஆராய்ச்சி உதவியாளர்.

"இருபத்தஞ்சு நாள் குடுக்கற கதிர்வீச்சை அஞ்சே நாள்ல குடுத்தா, புற்றுநோய் அதே மாதிரி குணமாகுதான்னு பார்க்கறோம் சார். உங்களுக்கு அஞ்சா, இருபத்தஞ்சான்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும்."

"குலுக்கிப் போட இது என்ன பரிசுச் சீட்டா? என் தொண்டைம்மா!"

"ரெண்டுல எது நல்லதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது சார்."

"அதை என் கழுத்துல வெச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

"நாளைக்கு வர்ற நோயாளிகளுக்கு உங்களால நல்லது நடக்கும் சார்."

"நாளைக்கு வர்றவங்க நல்லா இருக்கட்டும். அதுக்கு முன்னாடி நான் இருக்கணுமில்ல?"

அவள் முகம் மாறவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் ஒப்பித்த பாடம்தான்.

"இதுவரைக்கும் ஒருத்தர்கூட மறுக்கலையே சார். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க."

"அவங்களுக்கு என்ன விவரம் தெரியும்? எனக்கு வழக்கமான இருபத்தஞ்சு நாளே போதும்."

படிவத்தைத் தள்ளிவிட்டு எழுந்தவர், கதவில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அடுத்த நோயாளியைக் கூப்பிடும்மா. கையெழுத்துப் போடத் தயங்கினா என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கறேன். நம்ம ஆராய்ச்சி நின்னுடக் கூடாது."

"சரிங்க டாக்டர். இப்பவும் நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் ஒரு வார்த்தை மாத்தாம சொன்னேன்."

அவர் போனதும் பதிவேட்டைத் திறந்தாள். இத்தனை நாள் காலியாகவே கிடந்த 'மறுத்ததற்கான காரணம்' என்ற கட்டத்தில் அழகாக எழுதினாள்:

'விவரம் தெரிந்தவர்.'