புருவமும் மொட்டையும்

பூனைமுகத் தேவியைக் கும்பிடும் எகிப்து தேசத்து ஊர் ஒன்றில் மியூத் என்றொரு பூனை இருந்தது. தானும் அந்தத் தேவியின் வம்சம்தான் என்று அதற்கு நினைப்பு. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பூனை செத்துப்போக, அந்த வீட்டார் எல்லோரும் துக்கத்தில் புருவத்தை மழித்துக்கொண்டார்கள்.

மியூத் தன் வீட்டு வாசலில் கிடந்த கிழட்டு நாயிடம் போய்ப் பீற்றிக்கொண்டது. "பார்த்தாயா எபு? நான் போனால் நம் எஜமானிக்கும் புருவம் இருக்காது. நீ போனால் யார் என்ன செய்யப்போகிறார்கள்?"

எபு கொட்டாவி விட்டது. "பெரிதாக ஒன்றுமில்லை அம்மணி. என் அப்பன் செத்தபோது வீட்டோடு மொட்டையடித்துக்கொண்டார்கள். உடம்பில்கூட ஒரு மயிர் விடவில்லை. நாய்க்கு அதுதான் வழக்கம்."

மியூத்துக்கு வால் நுனிவரை எரிந்தது. "எனக்குப் புருவம், எலும்பு பொறுக்கும் உனக்கு மொட்டையா?"

"அறுவடைவரை தாங்கமாட்டேன். நீயே பார்க்கத்தானே போகிறாய்" என்று இருமியது எபு.

அன்றுமுதல் மியூத் தன் பங்கு மீனை ஒரு துண்டுகூடத் தின்னாமல் கவ்விவந்து எபுவின் முன்னால் வைத்தது. தெருவே கூடி நின்று, "தேவிக்கு என்ன கருணை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மியூத் நாயின் காதோரம் குனிந்து பல்லைக் கடித்தது. "முள் பார்த்துத் தின்னடா. நீ மட்டும் செத்தாயோ, உன்னைக் கொன்றே போடுவேன்!"