ஓனரம்மா

வேதியியல் ஆய்வகத்தின் கதவை உள்ளிருந்து சாத்திவிட்டு அவள் ஃபோனை மறுபடி காதில் வைத்தாள்.

"வருமான வரி ஆபீஸ்ல இருந்துதாம்மா பேசறோம். பொய்க் கணக்கு காட்டியிருக்கீங்க. வாரண்ட் ரெடி."



இத்தனை வருட டீச்சர் வேலையில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. போலீஸ் ஜீப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"வாடகை ரசீதா சார்?" என்றாள்.

அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமே இல்லை.

"அதேதாம்மா."

அதற்குமேல் அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. இவளே கொட்டினாள்.

குடியிருப்பது மாமனார் கட்டிய வீடு. வாடகை என்று ஒரு பைசா கொடுத்ததில்லை. வரி குறையட்டும் என்று கொடுத்ததாகக் காட்டினாள். ரசீதில் வீட்டு ஓனராகக் கையெழுத்துப் போட்டது தமிழ் டீச்சர் அமலோற்பவம். அமலோற்பவத்தின் ரசீதில் ஓனர் இவள். வாடகைக்கு விட இரண்டு பேரிடமும் ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கிடையாது.

ஓனரம்மா, குழாயில தண்ணி வரல என்று ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேரும் கேலி பேசிச் சிரித்த விஷயம்.



ஓனர் பெயர் கேட்டான். சொன்னாள்.

நம்பர் கேட்டான். அதையும் சொன்னாள்.

எல்லாம் அவங்க சொல்லிக்கொடுத்துதான் சார் என்றாள். அது பொய். யோசனை இவளுடையது.

அபராதத்தை இப்போதே கட்டினால் வாரண்டை நிறுத்தி வைப்பானாம். கார்டைப் பார்த்து எண்களைப் படிக்கச் சொன்னான். பர்ஸைத் திறந்தாள். பாதி படித்தாள்.

வாரண்ட் வரைக்கும் போனவன், வாடகை ரசீது என்றதும் எதற்காக வாயடைத்துப் போனான்?

அவனுக்கு ஒன்றும் தெரியாது. இவள் சொல்லித்தான் தெரியும்.

ஃபோனை அணைத்தாள்.  ஸ்டூலில் உட்கார்ந்தாள். தப்பித்தேன், தப்பித்தேன் என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த பீரியடுக்கு மணி அடிக்கும் வரை வேறு எதுவும் தோன்றவில்லை.

மணி அடித்தபோதுதான் தோன்றியது.

ஓடினாள். எதிரே வந்த பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். பதில் சொல்லவில்லை.

அமலோற்பவம் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ஃபோன். மறு கையில், கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்த கார்டு. அந்தக் கணக்கில்தான் மகளின் கல்யாணப் பணம் முழுக்க இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும்.

இவளைப் பார்த்ததும் அமலோற்பவம் ஃபோனைப் புடவையோடு சேர்த்துப் பொத்தினார். முகம் வெளிறியிருந்தது.

"என் ரசீதுல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேக்காரு புள்ள. நீ இங்க நிக்காத, போ. பணத்தக் கட்டிட்டா பேரு வேண்டாமாம். உன் பேர நான் சொல்லவே மாட்டேன்."

ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோய், விட்ட இடத்திலிருந்து எண்ணைப் படிக்கத் தொடங்கினார்.

இவள் பாய்ந்து பிடுங்கினாள். அணைத்தாள்.

"ஏமாத்துக்காரன் டீச்சர் அவன். ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

 அமலோற்பவம் படியில் உட்கார்ந்துவிட்டார். சேசுவே, சேசுவே என்று முணுமுணுத்தார். நல்ல நேரத்துக்கு வந்தாய் என்று இவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். 

பிடித்த கையை விடாமலே நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"என் நம்பரு அவனுக்கு எப்படிப் புள்ள தெரிஞ்சிது?"