விளிம்பில் ஒரு பெயர்

போர்ட்ஸ்மவுத் துறைமுகச் சாராயக்கடையின் ஜன்னல் வழியே காலை வெயில் மேசையில் விழுகிறது. தபாலில் வந்த வெள்ளிப் பதக்கம் ஒன்று, நீலக் கரை போட்ட வெள்ளை நாடாவோடு அதில் மின்னுகிறது. எதிரே கிழட்டு மாலுமி ஜெத்ரோ பாஸ்க், தொடப் பயந்தவர்போல் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். டிரஃபால்கர் கடற்போரில் பீரங்கி இழுத்ததாக நாற்பத்துமூன்று வருஷமாகச் சொல்லிவருகிறார். இந்தக் கடையில் யாரும் நம்பியதில்லை. "கிழவன் கப்பல்ல வெங்காயம் உரிச்சிருப்பான்டா!" என்று இன்றும் கத்துகிறான் கயிறு வியாபாரி சைலஸ். கடையே சிரிக்கிறது. பீரங்கி முழக்கத்தில் என்றோ காது போய்விட்ட ஜெத்ரோவும், ஏதோ வேடிக்கை என்று கூடச் சிரிக்கிறார். "யாரோடதைச் சுட்டாரோ, பார்ப்போம்!" சைலஸ் பதக்கத்தை எடுத்து வெயிலில் திருப்புகிறான். நாடாவின் குறுக்கே வெள்ளிப் பட்டையில் டிரஃபால்கர் என்றிருக்கிறது. பதக்கத்தின் மெல்லிய விளிம்பில், எழுத்தெழுத்தாகப் பொறித்த பெயர்: ஜெத்ரோ பாஸ்க். அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. "மன்னிச்சிடுங்க பெரியவரே." அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்கிறான். "என்னப்பா?" என்று காதைச் சாய்க்கிறார். வேறு வழி தெரியாமல் சைலஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொள்கிறான். அவன் பின்னால் ஒவ்வொரு தொப்பியாக இறங்குகிறது. ஜெத்ரோ பதறி எழுகிறார். யாரோ தளபதி உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்து, தன் தொப்பியையும் கழற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்து விறைப்பாக நிற்கிறார். வாசலில் யாருமில்லை.