வெள்ளிக்காசின் மற்ற பாதி

லொரெய்ன் நாலாபக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பொழுது சரியாகப் புலரவில்லை; கோதுமை அறுத்த வயலில் ஆள் நடமாட்டமே இல்லை. சட்டென்று மண்டியிட்டு, கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்ததை நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்தாள். மண்ணைத் தள்ளி மூடி, மேலே கொஞ்சம் வைக்கோலையும் பரப்பினாள்.

"என்னம்மா, இவ்வளவு காலையில?"

தூக்கிவாரிப் போட்டது. வேலியோரம் வயலுக்குச் சொந்தக்காரர் கிளைவ், நாயோடு நின்றிருந்தார்.

"கம்மல் ஒண்ணு விழுந்துடுச்சு, கிளைவ். அதான் தேடுறேன்."

கிளைவ் அவள் காதுகளைப் பார்த்தார். இரண்டிலும் கம்மல் இருந்தது. "கிடைச்சா சரி" என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு நடந்தார்.

அவள் புதைத்தது ஒரு பாதிக் காசு. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் சில்லறைக்கென்று தனிக் காசு கிடையாது. வெள்ளிப் பென்னியின் பின்புறம் பெரிய சிலுவை ஒன்று இருக்கும். அந்தக் கோட்டோடு கத்தரித்தால் அரைப் பென்னி, இன்னொரு தரம் கத்தரித்தால் கால் பென்னி. கத்தரித்த துண்டுகள் அன்றைக்கே ஆளுக்கொரு திசையாகப் போயிருக்கும்.

அப்படி ஒரு பாதியை அவள் மகன் ரோரி இதே வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்துக் கண்டெடுத்தான். சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளி. அதில் ராஜாவின் ஒற்றைக் கண்ணும் பாதி மூக்கும்.

"மத்த பாதியும் இங்கதான் எங்கயோ கிடக்கும்ப்பா."

"கிடக்கும், கிடக்கும். துரை வருவாருன்னு எண்ணூறு வருஷமா காத்துக் கிடக்கு" என்பார் அவன் அப்பா நைஜல்.

இந்த ஏப்ரலில், இருபத்தாறு வயதில், ரத்தப் புற்றுநோய் ரோரியைக் கொண்டுபோய்விட்டது.

அறுவடை முடிந்த மறுநாள் நைஜல் மகனின் கருவியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். அதுவரை அதைத் தொட்டதுகூட இல்லை. இப்போது நவம்பர். மழையில் நனைந்து, நெஞ்சு நிறையச் சளியோடு தினமும் போகிறார். வீட்டில் பேச்சு என்பதே நின்றுவிட்டது. இன்னொரு தடவை நிமோனியா வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மத்த பாதி கிடைச்ச அன்னிக்கு நிறுத்திடறேன்." கேட்கும்போதெல்லாம் அவருடைய பதில் இது ஒன்றுதான்.

அதனால்தான் லொரெய்ன் நாரிச் நகரத்துக்கு பஸ் ஏறினாள். பழங்காசு விற்கும் கடையில் அதே ராஜாவின் முழுப் பென்னி ஒன்று வாங்கினாள்.

கடைக்காரர் அதைத் தாளில் மடித்துக்கொண்டே சிரித்தார். "பத்து வருஷமா இந்த ராஜாவைச் சீண்டுவாரில்ல. இப்போ ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து கேக்கறாங்க, இவருக்கு வந்த வாழ்வைப் பாருங்களேன்!"

சமையலறைக் கத்தரிக்கோலால் பென்னியை வெட்டினாள். வெட்டிய விளிம்பு பளபளவென்று காட்டிக்கொடுத்தது. வெள்ளியைக் கறுக்க வைக்க வேகவைத்த முட்டை போதும். மஞ்சள்கருவில் உள்ள கந்தகம் பார்த்துக்கொள்ளும். காசையும் முட்டையையும் ஒரே டப்பாவில் மூடி வைத்தாள். ஒரே இரவில் விளிம்புக்கு எண்ணூறு வயதாகிவிட்டது.

எங்கே புதைப்பது என்பதிலும் சிரமமில்லை. நைஜல் ஓரடி அகலத்துக்கு வரிசை வரிசையாகத்தான் நடப்பார்; விட்ட இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டுவிட்டு வருவார்.

ஒன்பது மணிக்கு நைஜல் வந்தார். தேநீர் கொண்டுவந்த சாக்கில் லொரெய்ன் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். கருவி மண்ணை ஒட்டி இடமும் வலமும் அசைந்தது. இரும்பாணிகளுக்கு அது உறுமும். வெள்ளிக்குக் குருவி மாதிரி கீச்சிடும்.

உறுமல். உறுமல். பிறகு, கீச்.

நைஜல் நின்றார். அதே இடத்தில் எதிர்த்திசையிலிருந்து ஒருமுறை அசைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் குப்பை. இரு பக்கமும் கேட்டால் காசு. மறுபடியும் கீச்.

மண்டியிட்டார். தோண்டினார். ஈர மண்ணை விரல்களால் உதிர்த்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. தோள்கள் குலுங்குவது வரப்பிலிருந்தே தெரிந்தது.

லொரெய்ன் சேற்றில் தடுமாறிக்கொண்டு ஓடினாள். "என்ன நைஜல்? என்ன கிடைச்சுது?"

அவர் உள்ளங்கையை விரித்தார். ஒற்றைக் கண்ணோடு ராஜா பார்த்தார்.

"கடவுளே! அதே ராஜாதானே?" தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

"ஆமா."

"ரோரி சொன்ன மாதிரியே இங்கதான் கிடந்திருக்கு!"

"ம்."

நைஜல் குழியை மூடினார். காலால் மிதித்துச் சமன்படுத்தினார். தோண்டிய குழியை மூடாமல் போனால் ரோரிக்குக் கோபம் வரும்.

"அப்போ வீட்டுக்குப் போயிடலாமா, நைஜல்? நீதானே சொன்னே... கிடைச்சா நிறுத்திடறேன்னு."

சேறு படிந்த கையை அவள் கன்னத்தில் வைத்தார். கண் நிறைந்திருந்தது; ஆனாலும் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"இந்த மாசத்துல எனக்குக் கிடைச்ச அஞ்சாவது பாதி இது, லொரெய்ன்."