கைராசி

"யார் கையைப் பிடிச்சீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மனைவி கணக்கு டீச்சர். இந்தக் கேள்வியை வீட்டுக் குரலில் கேட்கவில்லை, வகுப்புக் குரலில் கேட்டாள். கணவன் நாற்காலியில் நெளிந்தான். நெளிந்ததில் பாதி பயம், பாதி அரிப்பு.

எதிரே இருந்த குடும்ப டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் கையைப் பிடித்தாலே பாதி நோய் பறந்துவிடும் என்பார்கள். அவரும் அந்தப் பெயருக்குக் குறை வைக்காமல், பிடித்த கையை லேசில் விடமாட்டார். பிரஷருக்கு வந்தவரிடம் பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் மூட்டுவலி வரைக்கும் விசாரித்த பிறகுதான் சீட்டு எழுதுவார்.

"கையைக் கொடுங்க சார்" என்று வாங்கி, விரல் இடுக்குகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அதே சிரங்குதான். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள்ள குழி தோண்டிக் குடும்பம் நடத்தும்."

"அந்தப் பூச்சியாவது ஒழுங்கா குடும்பம் நடத்துது" என்றாள் மனைவி.

"நான் கொடுத்த களிம்பைத் தடவினீங்களாம்மா?"

"கழுத்துலேருந்து கால் வரைக்கும், வீட்டுல நாலு பேரும் ஒரே ராத்திரியில தடவினோம். துணி, போர்வை எல்லாம் வெந்நீர்ல ஊறப் போட்டுத் துவைச்சேன். அடுத்த வாரம் ரெண்டாவது தடவையும் ஆச்சு. எனக்கும் பசங்களுக்கும் சுத்தமா போயிடுச்சு, இவருக்கும் போயிடுச்சு. அப்புறம் பிரஷருக்குக் காட்டிட்டு வர்றேன்னு கிளம்பினாரு. ரெண்டே நாள்ல திரும்ப ஆரம்பிச்சிட்டாரு. இங்க வந்தாரா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"வந்தாரும்மா. ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம்."

"இங்கேருந்து எங்க போனாரு?"

"ஆபீசுக்குதான்!" என்று அலறினான் கணவன். "அங்க கம்ப்யூட்டர் மவுஸைத் தவிர நான் எதையும் பிடிக்கிறதில்ல!"

அது உண்மைதான். பாவம், கூட வேலை பார்க்கும் பெண் பேனா கேட்டால்கூட மேசை மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிற ஜென்மம்.

"பஸ்ல கம்பியைப் பிடிச்சதுல வந்திருக்குமோ டாக்டர்?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

டாக்டர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "கம்பியில வராது சார். சும்மா கை குலுக்கினாக்கூட அநேகமா வராது. தோலும் தோலும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருந்தாதான் இந்தப் பூச்சி ஆள் மாறும்."

"கேட்டீங்களா? கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கணுமாம்!" மனைவியின் குரல் உடைந்தது. "பெட்டி கட்டி வச்சுட்டுத்தான் வந்திருக்கேன் டாக்டர். இவர் இன்னிக்கு ஒரு பதில் சொல்லலைன்னா, பசங்களைக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

கணவனின் கண் கலங்கிவிட்டது. செய்த தப்பை ஒத்துக்கொள்ளலாம். செய்யாததை எங்கிருந்து கொண்டுவருவது?

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "வெளியே கூட்டம் சேர்ந்துடுச்சு டாக்டர். இன்னிக்கும் பாதிப் பேருக்கு அரிப்புதான்."

"சீசன்மா. வரும், போகும்" என்ற டாக்டர், சும்மா இருந்த இடது கையை மேசை விளிம்பில் பரபரவென்று தேய்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, பாவமன்னிப்பு வழங்குகிறவரைப் போல முன்னால் சாய்ந்தார்.

"பாருங்க சார், உங்க மேல தப்பு சொல்லல. இந்த வயசுல இதெல்லாம் சகஜம். ஆனா அந்த ஆளுக்கும் களிம்பு தடவினாதான் இது நிக்கும். வெட்கப்படாம நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கையை அவ்வளவு நேரம் விடாம பிடிச்சிட்டு இருந்தது யாரு?"

கணவன் தலையைக் குனிந்தான். ஒப்புக்கொள்ளத்தான் குனிகிறான் என்று மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். குனிந்தவன் தன் மணிக்கட்டையே உற்றுப் பார்த்தான். போன உயிர் மெல்ல முகத்துக்குத் திரும்பி வந்தது.

"நீங்கதான் டாக்டர். இன்னும் விடவே இல்லையே!"