கையின் நீளம்

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் பழைய விமானத்தளத்தில் தூறல் விட்டபாடில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால உடுப்பு மாட்டிக்கொண்டு வருஷா வருஷம் கூடுகிறவர்கள் தேநீர்க் கூடாரத்துக்குள் ஒண்டி நிற்கிறார்கள். வெளியே அபாயச் சங்கு விளையாட்டுக்கு ஊதி அடங்குகிறது. அவர்களில் ஒருவனான கிளைவ் பெஞ்சில் போட்டிருக்கும் செம்மறித்தோல் கோட்டை ஒரு கிழவி புரட்டிப் பார்க்கிறாள். அந்தக் கால விமானிகளின் கோட்டைப் போலவே, தன் நெட்டைக் கைகளுக்கு அளவு கொடுத்து, போன வருஷம் அவன் தைத்து வாங்கியது. பழசாகத் தெரிய, முழங்கையை உப்புத்தாளால் தேய்த்தான். கழுத்துக் கம்பளியில் தேயிலைச் சாயம் ஏற்றினான். தானே கிழித்துத் தானே ஒட்டுப் போட்டான். உள்ளே பெயர் இல்லாவிட்டால் கூட்டாளிகள் கேலி செய்வார்களே என்று, தளத்து வாசலில் போரில் இறந்தவர்களின் நினைவுக்கல்லில் கண்ணில் பட்ட பெயரை மையால் எழுதியும் வைத்தான். “ஆர். ஸ்கெல்டன்” என்று கிழவி எழுத்துக் கூட்டுகிறாள். “இது எங்க அப்பா பேரு. நான் பொறக்க மூணு மாசம் இருக்கும்போது விமானத்தோட கடல்ல விழுந்துட்டாரு.” கம்பளியைத் தடவுகிறாள். “அந்தக் குளிர்ல இதைப் போடாமயா போனாரு?” கிளைவ் பெஞ்சருகே வருகிறான். “அம்மா, அது வந்து...” அதற்குள் அவள் கோட்டை மாட்டிக்கொண்டுவிட்டாள். கழுத்துக் கம்பளியில் மூக்கைப் புதைத்து மூச்சிழுக்கிறாள். கோட்டின் கைகள் அவள் விரல்களைத் தாண்டி ஒரு சாண் தொங்குகின்றன. அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “இவ்ளோ நீளமான கையா அவருக்கு? யாருமே எங்கிட்ட சொன்னதில்லை தம்பி.” கிளைவ் தன் இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறான்.